காற்றுக்கும் கணக்கு வேண்டும்

2022 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆந் தேதி வெள்ளிக்கிழமை இத்தீவின் அரசாங்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. போரும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. பிள்ளைகள் சுவாசிப்பதற்குக் காற்று உகந்த நிலையில் இல்லை என்று கண்டே பாடசாலைக் கதவுகள் சாத்தப்பட்டன. வங்காள விரிகுடாவிலே மாண்டஸ் என்னும் புயல் சுழன்றுகொண்டிருந்த அந்நாட்களில், வட இந்திய சமவெளியின் புகையும் தூசும் அதன் இழுவையிலே தெற்கு நோக்கி வந்து, யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் ஒருங்கே மூடின. அதே வேளையில் வீசிய கடுங்குளிர் வடக்குக் கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளை மாய்த்தது. மாண்ட மாடுகளைப் பட்டி பட்டியாகச் சென்று எண்ணினார்கள், எண்ணியதும் முறையே. ஆனால் அந்நாட்களில் எத்தனை முதியவர் மூச்சிரைப்போடு வைத்தியசாலை வாயிலில் நின்றனர், எத்தனை குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டியிருந்தது என்ற கணக்கை எவரும் பொதுமக்கள் முன் வைக்கவில்லை. சில நாளில் வானம் வெளுத்தது. பாடசாலைகள் திறந்தன. பேச்சும் அடங்கிற்று.

அந்த ஒரு வாரம் விருந்தாளியாக வந்த தூசைப் பற்றி நாடே பேசிற்று. ஆண்டு முழுவதும் நம்மோடு குடியிருக்கும் தூசைப் பற்றிப் பேசுவார் இல்லை. இக்கட்டுரை அந்தக் குடியிருப்பாளனைப் பற்றியது.

விஞ்ஞானிகள் இதனை நுண்துணிக்கை என்பர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 70 மைக்கிரோன் எனக் கொண்டால், 10 மைக்கிரோனுக்கு உட்பட்ட துணிக்கை மூக்கையும் தொண்டையையும் கடந்து செல்லும். 2.5 மைக்கிரோனுக்கு உட்பட்டதோ சுவாசப்பையின் கடைக்கோடி அறைவரை சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். இருமலோடு இது நின்றுவிடுவதில்லை. மாரடைப்பு, பாரிசவாதம், சுவாசப்பைப் புற்றுநோய் ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013 ஆம் ஆண்டிலே வெளிக்காற்று மாசினை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதலாம் வகுப்பிற் சேர்த்தது. புகையிலைப் புகையும் அதே வகுப்பிலேதான் இருக்கிறது. வீட்டுப் புகையையும் வெளிப்புகையையும் சேர்த்தால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறக்கின்றனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.

இத்துணிக்கைகள் யாவும் புகைபோக்கியிலிருந்து துணிக்கையாகவே புறப்படுவன அல்ல என்பதையும் கமக்காரர்கள் அறிந்திருத்தல் நன்று. எண்ணெயும் நிலக்கரியும் எரியும்போது எழும் கந்தக வாயு, எஞ்சின்களிற் பிறக்கும் நைதரசன் வாயுக்கள், மாட்டெருவிலிருந்தும் யூரியா இட்ட வயலிலிருந்தும் எழும் அமோனியா ஆகியன காற்றிலே கூடி, வெயிலிலே பக்குவப்பட்டு, நுண்ணிய உப்புத் துணிக்கைகளாகின்றன. ஆகவே புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் ஓர் ஆலையைக் குற்றமற்றது என்று விடுவித்துவிட முடியாது.

கொழும்பிலே நிலைமை யாது? நான் வாழும் பாமன்கடையிலே, காலையிலே துடைத்த சாளர விளிம்பில் மாலையிலே விரலால் கோடு கிழிக்கலாம். வெள்ளவத்தை முழுவதும் தொடர்மாடிகள் எழுந்தவண்ணம் இருக்கின்றன. பழைய வீட்டை இடிக்கும் தூசு, புதிய மாடியின் சீமெந்துத் தூசு, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் ஊர்ந்து செல்லும் பேருந்துகளின் டீசற் புகை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. ஆயினும் நமக்குக் கடல் ஒரு தாய். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவள் நம் அழுக்கை உள்நாட்டுக்கு ஊதித் தள்ளிவிடுகிறாள். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரையிலோ, காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், நம்முடைய புகையோடு அயல்நாட்டுப் புகையும் சேர்ந்துகொள்ளும். கொட்டாஞ்சேனை மக்களுக்கோ துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் வண்டிகளும் களனிதிஸ்ஸ மின்நிலையமும் அயலவர்கள். புளூமெண்டால் குப்பைமேட்டின் நாற்றத்தையும் புகையையும் பல்லாண்டு அனுபவித்தவர்கள் அவர்கள். அம்மேடு மூடப்பட்டதும் குப்பை மீதொட்டமுல்லைக்குச் சென்றது. 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே அம்மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றபின், கொழும்பின் குப்பை புத்தளம் மாவட்டத்து அறுவாக்காட்டுக்குச் சென்றது. புத்தளத்தார் எழுப்பிய ஆட்சேபனை வீணாயிற்று. இந்தப் பயணத்தின் திசையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

கொழும்புக்கு ஒரு நற்பேறு உண்டு. அங்கே கணக்கு இருக்கிறது. கோட்டைப் பகுதியிலே 1990களின் இறுதியிலிருந்து கருவி வைத்துக் காற்றை அளந்து வந்தனர். 1998 முதல் 2011 வரை, 10 மைக்கிரோனுக்கு உட்பட்ட துணிக்கையின் ஆண்டுச் சராசரி கனமீற்றர் ஒன்றுக்கு 60 முதல் 82 மைக்கிரோகிராம் வரை இருந்தது. நம் நாட்டுச் சட்டம் 2008 இல் விதித்த எல்லை 50. அளவு தெரிந்ததனால் நடவடிக்கையும் ஓரளவு பிறந்தது. 2002 ஆம் ஆண்டிலே ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்தது. 2008 இல் இரண்டடிப்பு எஞ்சின் பூட்டிய முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நின்றது. அதே ஆண்டில் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கிற்று. அப்பரிசோதனை பயனற்றது என்று நையாண்டி செய்வோர் உளர். பரிசோதனைக்கு முதல்நாள் எஞ்சினைச் சரிக்கட்டி, மறுநாள் பழையபடி கரும்புகை கக்கும் வண்டிகளை நானும் காண்கிறேன். எனினும் ஒன்றுமே இல்லாதிருந்த காலத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்திலே மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் புகையைச் சுவாசித்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அக்காற்றை அளந்தவர் எவருமில்லை. அளப்பதற்குரிய காலமும் அதுவாக இருக்கவில்லை.

இனி வருங்காலத்தின் போக்கு எவ்வாறிருக்கும்? மோட்டார் வாகனப் பதிவேட்டில் இதுவரை ஏறிய வண்டிகள் 80 இலட்சத்துக்கு மேல். அவற்றுட் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டது. எஞ்சின்கள் ஒவ்வொன்றும் முன்னையதிலும் தூய்மையானவை என்பது மெய். ஆனால் அவற்றின் தொகையோ பெருகுகிறது. ஒரு கையால் துடைத்ததை மறு கையால் அப்புகிறோம்.

எனினும் வண்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது கொழும்பு வாசியின் பழக்கம். வாகனப் புகை அவன் மூக்கில் ஏறுகிறது. ஆதலால் அதுவே நாட்டின் புகை முழுவதும் என்று எண்ணுகிறான். வீட்டிலே விளக்கைப் போடும்போது அந்த ஒளி எங்கேயிருந்து வருகிறது என்று அவன் கேட்பதில்லை.

அதில் ஒரு பெரும்பங்கு நுரைச்சோலையிலிருந்து வருகிறது. கற்பிட்டிக் குடாநாட்டிலே மின்சார சபை அமைத்த லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதற்பகுதி 2011 இல் இயங்கத் தொடங்கிற்று. மற்றை இரு பகுதிகளும் 2014 இல் முற்றுப்பெற்றன. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அளித்துவந்துள்ள இந்நிலையம் ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேலான நிலக்கரியைத் தின்கிறது. நிலக்கரியை எரித்தால் எஞ்சும் சாம்பலிற் பெரும்பகுதி கோதுமை மாவினும் நுண்ணியது. புகையோடு பறக்க வல்லது. மின்னேற்றிய தகடுகளால் அதனைக் கவர்ந்து பிடிக்கிறார்கள். தகடுகள் செம்மையாக இயங்கும்வரை புகைபோக்கி வழியே வெளியேறுவது சிறிது, பழுதுற்றாலோ பெரிது. அது எந்த நாளிற் பழுதுற்றது என்பது சாம்பல் விழும் வீட்டுக்காரனுக்குச் சொல்லப்படுவதில்லை.

புகைபோக்கியைக் காட்டிலும் அங்குள்ள திறந்தவெளிக் கரிக்குவியலே கவனிக்கத்தக்கது என்பது என் கருத்து. நுரைச்சோலைக் கடற்கரையிலே நிலக்கரிக் கப்பல் நேரே வந்து சேர முடியாது. கப்பல் தூரக்கடலில் நங்கூரமிட, பாதைகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். கடல் அமைதியாயுள்ள மாதங்களில் மட்டுமே இது இயலும். ஆகவே தென்மேற்குப் பருவக்காலத்துக்கு வேண்டிய கரி முழுவதையும் முன்கூட்டியே இறக்கி, வெளியிலே மலைபோற் குவித்து வைக்க வேண்டியுள்ளது. அதன் பின் நிகழ்வது என்ன? குவியல் மிக உயர்ந்து நிற்கும் அதே மாதங்களிலேதான் தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஊரை நோக்கி மிக மூர்க்கமாக வீசுகிறது! காற்றின் வழியிலே கிடப்பவை நரக்கள்ளி, இலந்தையடி, நுரைச்சோலை போன்ற கிராமங்கள். மணல் நிலத்திலே கிணற்று நீரிறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவித்து இந்நாட்டுச் சந்தைகளை நிரப்பும் கமக்காரர் அங்கே வாழ்கின்றனர். தமிழ் பேசும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சிங்கள மக்களும் கலந்து வாழும் பூமி அது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரர்கள் பலர் தஞ்சம் புகுந்த மாவட்டமும் அதுவே. ஓரிடத்தில் வாழவிடாது துரத்தப்பட்டோர், வந்த இடத்திலே கரித்தூசைச் சுவாசிப்பதென்றால், அதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கறுப்புத் தூசு இலைகளிலும் கூரைகளிலும் படிகிறது என்று அம்மக்கள் பல்லாண்டு முறையிட்டனர். காற்றைத் தடுக்க உயர்ந்த வேலி அமைக்கப்பட்டது. வேலி காற்றைத் தணிக்கும், நிறுத்தாது.

ஒளி தலைநகருக்கு, சாம்பல் கற்பிட்டிக்கு. குப்பையின் பயணத் திசையை நினைவில் வைக்குமாறு நான் மேலே வேண்டியது இதற்காகவே.

நுரைச்சோலைக்கு நேர்ந்தது சம்பூருக்கும் நேரவிருந்தது. 2006 இல் எறிகணைகளுக்கு அஞ்சி ஓடிய சம்பூர் மக்கள், கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தவமிருந்தனர். அவர்களுடைய மண்ணிலே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கு இந்திய அனல்மின் கூட்டுத்தாபனத்தோடு 2013 இல் உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. மக்கள் மறுத்தனர். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தை நாடியது. 2016 செப்டெம்பரிலே, அந்நிலையம் சம்பூரில் அமைக்கப்படமாட்டாது என்று அரசாங்கத்தின் சார்பில் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. இன்று அவ்வூரிலே சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் பெறும் திட்டத்துக்கு 2025 ஏப்ரிலில் கால்கோள் நடந்துள்ளது. காணி எவருடையது என்ற கேள்வி சூரிய ஒளித் திட்டத்தாலும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் சாம்பலுக்குப் பதில் சூரியன் என்பது சிறிய மாற்றமன்று. புகைபோக்கி எழுமுன் எதிர்த்தது சம்பூர். எழுந்தபின் முறையிடுவது நுரைச்சோலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பேதத்தை நம் பிரதிநிதிகள் உணர்ந்தாக வேண்டும்.

ஏனெனில் அடுத்த கேள்வி வடக்கிலே எழவிருக்கிறது. 1950 இலே, ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்திலே, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தோன்றிற்று. அது வலிகாமத்து இளைஞர் பல்லாயிரவருக்குச் சோறிட்டது. அயலிலே இலைகள் வெண்மை பூத்ததையும் அந்தத் தலைமுறை பொறுத்துக்கொண்டது, வேலை வேண்டியிருந்தது. 1990 இல் போர் அதனை மூடிற்று. இப்போது காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களிலே கைத்தொழில் வலயங்கள் பற்றிப் பேசப்படுகிறது. வரட்டும். தொழில் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நம் பிள்ளைகள் இல்லை. ஆனால் அடிக்கல் நாட்டுமுன், அவ்விடத்துக் காற்றின் இன்றைய அளவு எழுத்திற் பதிவாக வேண்டும். நாளை ஆலை எழுந்து தூசு விழும்போது, "இத்தூசு முன்னரே இருந்தது" என்று கம்பனியின் அப்புக்காத்து எழுந்து சொல்வார். அவருடைய இடத்தில் நான் நின்றாலும் அதையே சொல்வேன்!

இதனை வெறும் கற்பனையாக நான் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரிலே, அரிசி ஆலையொன்றின் உமிப்புகையால் தன் முற்றத்திற் காயவைத்த மிளகாய் கறுத்துப் போகிறதென்று கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ், பொதுத்தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம், செலவும் அதிகமில்லை. அப்பிரிவின் கீழேயே சென்றோம். நம்மிடம் இருந்த சாட்சியம் கறுத்த மிளகாய் ஒரு பை, அயலவர் மூவரின் வாக்குமூலம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஆகியவை. புகையின் அளவு எவ்வளவு, அது சட்டத்தின் எல்லையைத் தாண்டியதா என்று எதிர்த்தரப்பார் கேட்டபோது எங்களிடம் விடை இல்லை. முடிவிலே ஆலைக்காரர் இணங்கிப் புகைபோக்கியைச் சில அடி உயர்த்தினார். என் கட்சிக்காரரின் மிளகாய் சிவந்தது. தூசு அடுத்த கிராமத்துக்குச் சென்றது.

இதற்கு மாறான கதை ஒன்று சுன்னாகத்தில் உண்டு. சுன்னாகம் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்திற் கசிந்து கிணறுகளைக் கெடுத்த வழக்கில், 2019 ஏப்ரில் 4 ஆந் தேதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்திய கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நியதியும், சமத்துவத்தைக் கூறும் அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரையும், சுற்றாடலைக் காப்பது அரசின் கடன் எனும் 27(14) ஆம் உறுப்புரையும் அத்தீர்ப்பிலே ஒன்றுகூடின. வலிகாமத்துக் கமக்காரன் இத்தீர்ப்பைப் பெறுவதற்கு அடிப்படை யாது? வாளியிலே எண்ணெய் மிதந்தது. அந்த நீரைப் போத்தலில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்ப முடிந்தது. அறிக்கை எழுத்தில் வந்தது. காற்றைப் போத்தலில் அடைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குச் செல்ல எவராலும் முடியாது. அன்று வீசிய காற்று அன்றே போய்விடும். இடைவிடாது அளக்கும் கருவி ஒன்றே அதற்குச் சாட்சி. சில நகரங்களிலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அண்மை ஆண்டுகளிற் சிறு கருவிகளைப் பொருத்தியிருக்கிறது, நல்ல தொடக்கம். ஆனால் கோட்டைக்கு இருந்தது போன்ற நெடுங்காலத் தொடர்க்கணக்கு வடக்கிலோ கிழக்கிலோ மலைநாட்டுத் தோட்டப்புறத்திலோ இல்லை.

சட்டத்தின் எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2.5 மைக்கிரோன் துணிக்கைக்கு நம் சட்டம் அனுமதிக்கும் ஆண்டுச் சராசரி 25 மைக்கிரோகிராம், ஒரு நாட் சராசரி 50. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் திருத்தி வெளியிட்ட அளவு முறையே 5, 15. நம் எல்லைக்கும் வைத்தியர் சொல்லும் எல்லைக்கும் ஐந்து மடங்கு தூரம். இந்த இடைவெளியிலே ஓர் ஆலை சட்டப்படி குற்றமற்றதாயும் அயலவனுக்கு நஞ்சாயும் ஒரே நேரத்தில் இருக்கலாம். இந்தியாவின் உயர்ந்த நீதிமன்றம் 1991 இலேயே, மாசற்ற நீரும் காற்றும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று கூறிற்று. நம் அரசியலமைப்பிலோ உயிர் வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவே இல்லை!

இலண்டன் மாநகரில் 1952 டிசம்பரிலே ஐந்து நாட்கள் கவிந்த நிலக்கரிப் புகைமூட்டம் ஏறத்தாழ 4,000 பேரைக் கொன்றது என்று அப்போதே கணக்கிட்டனர். பின்னாளில் ஆராய்ந்தோர் தொகையை மேலும் உயர்த்தினர். கணக்கு வெளியானதனால் வெள்ளைக்காரன் வெட்கப்பட்டான். 1956 இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை இயற்றிற்று. அதே 1956 இல் நம் பாராளுமன்றம் எந்தச் சட்டத்தை இயற்றுவதற்கு இரவு பகலாக விழித்திருந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அரசாங்கத்தையே குறைகூறிக்கொண்டிருப்பின் நம் கை சுத்தமாகிவிடாது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலே, நூற்றுக்கு 78 வீடுகள் விறகிலேயே சமைத்தன. 2022 இல் எரிவாயு கிடைக்காது மக்கள் வரிசையில் நின்றபோது, தொடர்மாடி வீட்டுப் பெண்களும் விறகு தேடினர். தென்னம்பாளையும் பொச்சுமட்டையும் பனைமட்டையும் எரியும் அடுக்களையிலே, சாளரமின்றி, கூரை வழியே மட்டும் புகை வெளியேறும் அறையிலே, நம் தாய்மார் நாளொன்றுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் நிற்கின்றனர். காலி வீதியிலே நிற்கும் பொலிஸ்காரரை விட அவர்கள் அதிகம் புகை குடிக்கின்றனர் என்று சொன்னால் அது மிகையாகாது. பெண்ணின் கண் கரிப்பதை நம் சமூகம் சமையலின் ஓர் அங்கமாகவே கருதிவிட்டது. புகைக்குழாய் வைத்த அடுப்புக்குச் செலவு பெரிதன்று. மச்சு வீடு கட்டுவோரும் அடுக்களையைக் கொல்லைப்புறத்துக் கொட்டிலிலேயே வைக்கின்றனர். புகையிலைக்குப் புகைபோடும் குடில், சுண்ணாம்புச் சூளை, செங்கற் சூளை ஆகியவையும் நம் ஊர்களின் புகையே. வளவு கூட்டி மாலையிலே பொலித்தீனோடு சேர்த்துக் குப்பையைக் கொளுத்தும் வழக்கமோ, படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி எங்கும் பரவியுள்ளது. பொலித்தீன் எரியும் புகை சருகு எரியும் புகை போன்றதன்று. அதன் நஞ்சு வேறு.

வெளிநாட்டுப் புகையைப் பொறுத்தவரை, 1998 இலே தென்னாசிய நாடுகள் மாலே நகரிற் கூடி, எல்லை கடந்து செல்லும் காற்று மாசினைக் கட்டுப்படுத்துவதாகப் பிரகடனம் செய்தன. இந்தியாவும் இலங்கையும் அதிற் சேர்ந்தவை. எவரையும் கட்டுப்படுத்தாத பிரகடனம் அது. பஞ்சாபிலே வைக்கோல் எரிப்பதை நம் பிரதேச சபை தடுக்க முடியாது. தன் ஊரிலே குப்பை எரிப்பதைத் தடுக்கலாம்.

இங்கே நம் அரசியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. 13 ஆவது திருத்தத்தின் கீழ்ச் சுற்றாடற் பாதுகாப்பு மாகாணங்களுக்கும் உரிய விடயம். வட மேல் மாகாண சபை 1990 ஆம் ஆண்டிலேயே 12 ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டத்தை இயற்றித் தனக்கென ஒரு சுற்றாடல் அதிகாரசபையை நிறுவிக்கொண்டது. நுரைச்சோலை அம்மாகாணத்திலேயே இருப்பதால், அந்நிலையத்தின் உரிமத்துக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரம் அந்த மாகாண அதிகாரசபையின் கையில் வந்தது. அது போதிய கண்டிப்போடு பயன்பட்டதா என்பது வேறு கேள்வி. கருவி கையில் இருந்தது. இவ்வாறு செய்த மாகாணம் அது ஒன்றே. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் தரப்படவில்லை என்று நாம் முழங்கியது நியாயமே. கேட்டுப் பெற வேண்டிய அவசியமே இல்லாதிருந்த இந்த அதிகாரத்தை நம் மாகாண சபைகள் ஏன் எடுக்கவில்லை? தீர்மானங்கள் பல நிறைவேற்றிய வட மாகாண சபையிலே, தீர்மானத்துக்கும் நியதிச்சட்டத்துக்கும் உள்ள வேற்றுமையை அறிந்த சட்டத்தரணிகளுக்குக் குறைவு இருக்கவில்லையே! கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும் வடக்கின் காலம் 2018 இலும் முடிந்தன. மறுபடியும் சபைகள் கூடும் நாளிலே மேசையில் வைப்பதற்கு, காற்றுக்கும் நீருக்குமான நியதிச்சட்ட வரைவு ஒன்று இன்றே எழுதப்பட வேண்டும். எழுதுவதற்கு நம் தொழிலைச் சேர்ந்தோர் நால்வர் ஒரு மாதம் உட்கார்ந்தாற் போதும். அவ்வரைவிலே மூன்று இருக்கட்டும்: ஒவ்வொரு மாவட்டத்திலும் நிரந்தர அளவுகருவி, பெரிய ஆலை ஒவ்வொன்றின் புகைபோக்கி அளவும் தமிழிலும் சிங்களத்திலும் மாதந்தோறும் ஊரறிய ஒட்டப்படுதல், அடிக்கல்லுக்கு முன் ஓராண்டுக் காற்றுக் கணக்கு.

அதுவரை காத்திருக்க வேண்டியதுமில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரசையும் தன் ஊர் ஆலையின் சுற்றாடல் உரிமத்தையும், அதன் நிபந்தனைகளையும், அளவீட்டு அறிக்கைகளையும் உரிய அரசாங்க அலுவலகத்திடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். பெருந்திட்டங்களின் சுற்றாடற் பாதிப்பு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் 30 நாட்களுக்குள் எழுத்திலே ஆட்சேபனை தெரிவிக்கலாம். அந்த 30 நாட்கள் பெரும்பாலும் எவரும் அறியாமலே கழிந்துவிடுகின்றன. விளம்பரம் பத்திரிகையின் எந்த மூலையில் வருகிறது என்று பார்ப்பதற்கு ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் ஓர் இளைஞனை நியமிக்கட்டும்.

2025 மே மாதத்திலே தெரிவான பிரதேச சபைகளும் நகர சபைகளும் நம் கண்முன்னே இருக்கின்றன. சபையின் சொந்தக் குப்பைமேட்டிலே தீ வைப்பதை நிறுத்துவதும், சபைக் கட்டடத்தின் கூரையிலே ஓர் அளவுகருவியைப் பொருத்தி அன்றாட அளவை வாயிற் கரும்பலகையிலே சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பதும் அவர்களால் இயலும். தவிசாளர் விரும்பின், அடுத்த மாதக் கூட்டத்திலேயே இவ்விரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.